ஆடியில் படுத்தேன், ஐப்பசியில் நடந்தேன்

ஆபரேஷனுக்கு எந்த மாதம் வசதி என்று டாக்டர் கேட்டபோது, யோசிக்காமல் ஆடி என்றேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லையென்றால் கல்யாண ரவிக்கையும் கிடையாது. பாலக்கோட்டில் 22 வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். எனக்கு லீவு என்று ஒன்று உண்டென்றால் அது ஆடிதான். ஆடியில் படுத்து ஆவணியில் எழுந்துவிடலாம் என்பது என் கணக்கு. டாக்டர் சிரித்துவிட்டு, “ஆவணியிலயா? ஐப்பசின்னு வச்சுக்கங்கம்மா” என்றார். அவர் ஏதோ பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன்.

வலி வலது குதிகாலில். அடியில் இல்லை, பின்பக்கம். கெண்டைக்காலிலிருந்து கீழே இறங்கும் தடித்த நரம்பு எலும்போடு ஒட்டுகிற இடம். நாம் நரம்பு என்கிறோம், டாக்டர்கள் அகில்லஸ் தசைநாண் என்கிறார்கள். அந்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்து, செருப்பு வார் பட்டாலே உயிர் போகும். காலையில் பாயை விட்டு எழுந்து முதல் பத்து அடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்தாக வேண்டும். குதிகால் வாதம் என்று சொல்லி, செங்கல்லைச் சுட வைத்து அதன்மேல் எருக்கிலை போட்டு ஒத்தடம் கொடுத்தார் அத்தை. சூடு பட்ட நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் பார்த்தால் குதிகால் எலும்பின் பின்னால் ரோஜா முள் மாதிரி ஒன்று மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. நரம்பு தான் ஒட்டும் இடத்தை வருஷக்கணக்காக இழுத்து இழுத்து, அங்கே சுண்ணாம்பு படிந்து எலும்பாகவே ஆகிவிடுகிறதாம். மிதி மெஷினில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை குதிகால் மேலும் கீழும் போகும்! டாக்டர் என் பல்லைப் பார்த்துவிட்டு, “சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?” என்றும் கேட்டார். பென்னாகரம் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். முன்பல்லில் பழுப்புக் கறை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பல கிணறுகளில் தாண்டியது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தண்ணீரும் வந்தது. அந்த உப்பு அதிகமானால் பல்லோடு நிற்காது, தசைநாண்கள் எலும்போடு சேரும் இடங்களிலும் சுண்ணாம்பு படிய வைக்கும். ஆனால் என் முள்ளுக்குத் தண்ணீர் எவ்வளவு காரணம், மெஷின் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குதிகாலின் அடியில் வலிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். அடிப்பக்க வலி பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வு இழுபட்டு வருவது. எக்ஸ்ரேயில் முள் தெரிந்தாலும் வலிக்கு அது காரணமாக இருக்க வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களுக்கும் அந்த முள் இருக்கும். மெத்தென்ற செருப்பு, சுவரைத் தள்ளி நின்று கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி என்று பொறுமையாகச் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அடங்கிவிடும். நானும் எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, பயிற்சி, குதிகாலுக்கு அடியில் மெத்தை என்று ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்தேன். “ஒரு ஊசி போட்டு விடுங்களேன்” என்றதற்கு டாக்டர் மறுத்துவிட்டார். அந்த நரம்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நரம்பே அறுந்துபோகும் ஆபத்து உண்டாம். கடைசி வழியாகத்தான் கத்தி.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் செய்த வேலைகள்தான் என்னைக் காப்பாற்றின. அதில் பாதி என் மகள் சொல்லிச் செய்தது. நாங்கள் எல்லோரும் தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள். ஒற்றைக் காலில் தரையிலிருந்து எழுந்து பாருங்கள், தெரியும். நாத்தனார் வீட்டிலிருந்து மரக்கட்டில் ஒன்றைத் தூக்கி வந்தோம். கயிற்றுக் கட்டில் கொடுக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அது நடுவில் தொங்கிப்போய்க் கால் நிற்காது. கட்டிலைப் போட்டது முன்னறையில், கக்கூஸுக்கு நேராகப் போகும் கதவுக்குப் பக்கத்தில். வழியில் கிடந்த மிதியடி, சாக்கு, ஒயர் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்தாயிற்று. நிலைப்படிதான் பிரச்சினை. நான்கு அங்குல உயரம், அதைப் பெயர்க்க முடியுமா? இரண்டு பக்கமும் பலகை சரித்து வைக்கலாம் என்று வீட்டுக்காரர் பார்த்தார், வாக்கர் வழுக்கியது. விட்டுவிட்டோம், நிலைப்படியைத் தாண்டுவதையே முன்கூட்டிப் பழகினேன். ஆமாம், ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாக்கரை வாங்கி, வலது காலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் மூன்று நாள் நொண்டிப் பழகினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வலியோடும் மயக்கத்தோடும் புதிதாக ஒன்றைக் கற்க முடியாது.

எங்கள் வீட்டில் இருப்பது குந்தும் கக்கூஸ். மருந்துக்கடையில் கமோடு நாற்காலி வாங்கினோம். நடுவில் ஓட்டை வைத்து நான்கு கால் கொண்டது, பேசின் மேலேயே நிறுத்திவிடலாம். கால்களின் ரப்பர் முனை தேயாமல் இருக்கிறதா, ஈரத் தரையில் ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். என்னதான் பெரிய செலவு செய்து எலும்பைச் செதுக்கினாலும், இந்த நாற்காலி இல்லாவிட்டால் இரண்டாம் நாளே மானம் போய்விடும்.

தையல்காரி என்பதால் எனக்குக் கொஞ்சம் சலுகை. வாக்கரின் முன்கம்பியில் மாட்ட இரண்டு பாக்கெட் வைத்து ஒரு பை தைத்தேன், ஒன்றில் போன், இன்னொன்றில் தண்ணீர் பாட்டில். இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட எடுத்துப்போக முடியாது என்பது யாருக்கும் முன்னாலேயே தோன்றாது. கைப்பிடிக்கு ஸ்பான்ஜ் வைத்து உறை போட்டேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தருமபுரியில் செய்தார்கள். முதுகில் ஊசி, குப்புறப் படுக்க வைத்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேலை. நரம்பைப் பாதி பிரித்து, முள்ளைச் செதுக்கி எடுத்து, நரம்பை மறுபடி எலும்பில் ஆணி மாதிரி ஒன்றைப் பதித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். காலின் பின்பக்கம் மாவுக்கட்டு. பாதம் தரையைப் பார்த்து நீண்டிருந்தது, நரம்பு இழுபடாமல் இருக்க. இரண்டு ராத்திரி கழித்து ஆம்னி வேனில் பின்சீட்டு முழுக்க நான் படுத்துக்கொள்ள, மகள் மடியில் என் கால். பாலக்கோடு வரும் வரை ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணினேன்.

மரப்பு விலகும் ராத்திரி பற்றி ஒரு வார்த்தை. வலி இல்லையே, மாத்திரை எதற்கு என்று முதல் நாள் வீரம் காட்டினேன். மரப்பு போனதும் பிடித்த வலியை அடக்க விடிய விடிய ஆயிற்று. அப்புறம் முதல் மூன்று நாளும் கடிகாரம் பார்த்து, வலி வருவதற்கு முன்பே மாத்திரை. அந்த மாத்திரைகள் மலச்சிக்கல் கொண்டுவரும், அதை யாரும் சொல்லவில்லை. கீரையும் தண்ணீரும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அம்மா சொன்ன ஒரே முக்கியமான விஷயம்: “நெஞ்சை விடக் கால் உயரத்துல இருக்கணும். ரெண்டு வாரம் அதுதான் உங்க வேலை.” தலையணை இரண்டு வைத்துப் பார்த்தேன், அரைமணியில் அமுங்கிவிட்டது. கடையில் வெட்டுத்துணி மூட்டை ஒன்று கிடந்தது, ரவிக்கைத் துண்டும் லைனிங் துண்டும் அடைத்த சாக்கு. அதைக் கொண்டுவந்து கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தேன். கல் மாதிரி நின்றது. குதிகால் மட்டும் மூட்டைக்கு வெளியே, அந்தரத்தில் இருக்க வேண்டும். எதிலும் அழுந்தினால் கட்டுக்குள்ளேயே புண் வந்துவிடும். விரல்களை மணிக்கு ஒரு தடவை ஆட்ட வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப் போனாலோ கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தம், காலை வரை காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினம் ஒரு ஊசி, பத்து நாள். மகள் போட்டுவிட்டாள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும் மூச்சு வாங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு என்று வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டிலேயே எழுதியிருந்தது. அதனால் எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன் என்று வந்த பெரியம்மாவைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம். ரத்தக்கட்டி இருக்கும் காலை நீவினால் அது நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடலாம்.

அரிப்புதான் தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் கடை மரஸ்கேலைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்தேன். சொர்க்கம். மறுபடி கட்டைப் பிரித்தபோது அங்கே இரண்டு அங்குலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்கேல் எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் அத்தைக்கும் எனக்கும் சண்டையே வந்தது. ரணம் ஆறும் வரை முட்டை, மீன், கத்திரிக்காய், பருப்பு எதுவும் கூடாது, சீழ் பிடிக்கும் என்று ரசஞ்சோறு மட்டும் போட்டார். டாக்டரோ புண் ஆறுவதற்கே முட்டையும் பருப்பும்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு, தக்காளி மண்டியிலிருந்து வரும்போது அவித்த முட்டையைக் காகிதத்தில் மடித்து எடுத்து வருவார், திருட்டுத்தனமாக. நான்காம் நாள் அத்தையே கண்டுபிடித்து, “எனக்குத் தெரியாம திங்கறதுக்கு நான் என்ன வில்லியா?” என்று கேட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி அவரே முட்டைக் குழம்பு வைத்தார். சுண்ணாம்புச் சத்துக்கு ராகி இருக்கிறது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். அதில் எங்களுக்குக் குறைவில்லை. ஆனால் களி கிண்டுவது யார்? பானை ஆடாமல் கவைக்குச்சியைக் காலால் மிதித்துப் பிடித்து, துடுப்பைப் போட்டுக் கிண்ட வேண்டும். குதிகால் வேலை அது. வீட்டுக்காரர் முதல் நாள் கிண்டியதில் பாதி மாவு கட்டி கட்டியாக வேகாமல் கிடந்தது. ஒரு மாதத்தில் என்னைவிட நன்றாகக் கிண்டினார், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை களி அவர் பொறுப்பு.

குளிப்பது வாரத்தில் மூன்று நாள். ஒரு ஸ்டூலில் நான், வாசற்படிக்கு வெளியே இன்னொரு ஸ்டூலில் கால். கட்டின்மேல் முதலில் துண்டைச் சுற்றி, அதன்மேல் உரச்சாக்கின் உள்ளுறை பிளாஸ்டிக்கை மாட்டி, முட்டிக்குக் கீழே எலாஸ்டிக். துண்டு எதற்கென்றால், ஒரு சொட்டு ஒழுகினாலும் அது துணியில் நிற்கும், கட்டுக்குள் போகாது.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கான துணிகள் ஆடி பத்து தேதிக்கு மேலேயே வர ஆரம்பித்துவிட்டன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன், ஒன்றைத் தவிர. எதிர்த்த தெருப் பெண், நிச்சயதார்த்த ரவிக்கை. “அக்கா, நீங்க தச்சாதான் எனக்கு கழுத்து சரியா உக்காரும்” என்றாள். இந்த வார்த்தைக்கு மயங்காத தையல்காரி இருக்கிறாளா? பதினோராம் நாள், வலியும் குறைந்திருந்தது. மெஷினை இடது காலால் மிதித்துவிடலாம், வலது கால் சும்மாதானே இருக்கப்போகிறது என்று உட்கார்ந்தேன். வலது காலை ஊன்றவே இல்லை, சத்தியமாக. கீழே தொங்கவிட்டிருந்தேன், அவ்வளவுதான். மூன்று மணி நேரம். கழுத்துக்கு பைப்பிங் வைத்து முடிக்கும்போது விரல்கள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. ராத்திரி கட்டுக்குள் நெருப்பு வைத்தது போல் துடித்தது. காலையில் கட்டின் ஓரத்தில் ரத்தமும் நீரும் கலந்த கறை.

தருமபுரிக்கு மறுபடி வேன். கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், வீக்கத்தில் தையல் ஓரம் இரண்டு இடத்தில் விரிந்திருக்கிறது என்றார். “அந்த இடத்துல தோலுக்கு அடியில சதை கிடையாது, ரத்த ஓட்டம் கம்மி. வீங்கினா அதுக்கு இடமே இல்லம்மா, தையலத்தான் பிய்க்கும்” என்றார். தொழில் தெரிந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இறுக்கமான ரவிக்கையில் அக்குள் தையல் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? நல்ல வேளை, சர்க்கரை எனக்கு இல்லை, சீழும் வைக்கவில்லை. பதினான்காம் நாள் பிரிக்க வேண்டிய தையலை இருபத்தொன்றாம் நாள்தான் பிரித்தார்கள். அந்த ரவிக்கைக்கு 450 ரூபாய் கூலி வாங்கியிருந்தேன். வேன் வாடகையே அதைப் போல ஐந்து மடங்கு.

தையல் பிரித்ததும் மாவுக்கட்டு போய்ப் பெரிய பூட் ஒன்று வந்தது. உள்ளே குதிகாலுக்கு அடியில் மூன்று ஆப்பு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதில்தான் குழப்பம். “கொஞ்சமா ஊனுங்க” என்றால் எவ்வளவு? இதற்கு வழி சொன்னது மக்களைத் தேடி மருத்துவத்தில் வந்த பிசியோதெரபிஸ்ட் பெண். 2021-இல் நம் பக்கத்துச் சூளகிரி ஒன்றியத்தில் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தை முதல்வர் தொடங்கி வைத்தார்; அத்தைக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் அக்காவிடம் கேட்டுவைத்ததில், பிசியோவும் வீட்டுக்கே வந்தார். கேட்டால்தான் தெரியும், கேளுங்கள். எடை மெஷினைத் தரையில் வைத்து, வாக்கரைப் பிடித்து நின்று, பூட் காலை அதன்மேல் அழுத்தி முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் மண்டியிலிருந்து எடை மெஷினே கொண்டுவந்துவிட்டார். முதல் வாரம் 15 கிலோ, ஒரு பெட்டி தக்காளி. அடுத்த வாரம் இரண்டு பெட்டி. ஆறாம் வாரம் பூட்டோடு முழு எடையும். படிக்கட்டுக்கும் அவர் சொல்லித்தந்தார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டுப் போட்ட கால் முதலில். மாற்றி வைத்துப் பாருங்கள், ஏன் என்று இடுப்பே சொல்லும்.

கட்டு பிரித்த அன்றைக்குக் காலைப் பார்த்து அழுதுவிட்டேன். கெண்டைக்கால் கரைந்து போயிருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். இடது 13¾ அங்குலம், வலது 12¼. அன்றிலிருந்து ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஞாயிறுதோறும் அளவு எழுதினேன். முட்டிக்கு ஐந்து அங்குலம் கீழே, எப்போதும் ஒரே இடம், காலையில் எழுந்தவுடன். சாயங்காலம் அளந்தால் வீக்கத்தையும் சேர்த்துக் காட்டும். ஒரு மாதம் ஒன்றுமே ஏறவில்லை. பூட் கழன்று, இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி நிற்கும் பயிற்சி தொடங்கிய பிறகுதான் கால் அங்குலம் கால் அங்குலமாக வந்தது. தழும்பு நன்றாக மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு, விரல் நுனியால் அதன்மேல் தேய்க்கச் சொன்னார் பிசியோ, இல்லையென்றால் தோல் உள்ளே ஒட்டிக்கொள்ளுமாம். பாதத்தின் வெளிப்பக்கம் கொஞ்ச இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. அது இருக்கட்டும்.

ஐந்தாம் வாரம் மெஷினுக்கு மோட்டார் வைத்தேன். இத்தனை வருஷம் வீம்புக்கு வைக்காமல் இருந்தேன், மோட்டார் தையலில் நிதானம் இருக்காது என்று. மிதியை இடது காலுக்கு மாற்றி, வலது காலுக்கு எதிரே உயரமான ஸ்டூல். போனில் அரைமணி அலாரம். அடித்ததும் எழுந்து போய் வெட்டுத்துணி மூட்டையில் கால் போட்டுப் படுக்க வேண்டும். முதல் வாரம் இடது கால் சொல்பேச்சுக் கேட்காமல் ஊசி மூன்று உடைந்தது. தீபாவளித் துணியில் பாதியைத்தான் எடுத்தேன். ஐப்பசி பிறந்து, பூட் இல்லாமல் சாதாரண மெத்தைச் செருப்போடு கடைவீதிக்கு நடந்தபோது சரியாகப் பதின்மூன்று வாரம். டாக்டர் சொன்ன அதே மாதம்.

இப்போது பதினோரு மாதம். செருப்பு வார் பட்டால் வலி இல்லை. காலையில் சுவரைத் தேடுவதில்லை. சாயங்காலம் கொஞ்சம் வீக்கம் வரும், மூட்டை இன்னும் கட்டிலில்தான் இருக்கிறது. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கினால் வலது கால் ஏழு தடவை, இடது கால் இருபது. போன ஞாயிறு அளவு 13½.

நேற்று எதிர்த்த தெருப் பெண் கடைக்கு வந்தாள், கல்யாணமாகி இப்போது ஆறு மாதம் கர்ப்பம். கையில் அதே நிச்சயதார்த்த ரவிக்கை.

“அக்கா, தையலப் பிரிச்சு ஒரு இஞ்ச் விட்டுக் குடுங்களேன். வளைகாப்புக்குப் போடணும்.”

“வளைகாப்பு எப்ப?”

“அடுத்த மாசம்.”

“அப்ப அடுத்த வாரம் வா கண்ணு” என்று சொல்லிவிட்டு, அலாரம் அடித்ததால் எழுந்து போனேன்.